ஒன்று புள்ளி நான்கு இரண்டு

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் கம்ப்யூட்டர் நான்கு தடவை விழுந்துவிட்டது. விழுந்தது என்றால் மேசையிலிருந்து அல்ல. திரை நீலமாகும், அழுத முகம் ஒன்றைப் போட்டு, ஏதோ சிக்கலாகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்கும், பிறகு தானே செத்துத் தானே எழுந்துகொள்ளும். மன்னிப்புக் கேட்பதில் மட்டும் அது ஒரு குறையும் வைத்ததில்லை.

குணவதி அடுப்படியில் சார்டின் டின்னைத் திறந்துகொண்டிருந்தாள். கூடத்தில் நாற்காலி பின்னால் நகர்ந்து சுவரில் இடித்த சத்தம் கேட்டது.

"மறுபடியுமா?"

"ஒன்னும் கேக்காதம்மா. இப்ப ஒன்னும் கேக்காத."

கேட்கவில்லை. டின்னிலிருந்து மீனைச் சட்டியில் கவிழ்த்து, வெங்காயத்தை அரிந்து போட்டாள். ரெலாவ் பிளாட்டின் பதினான்காவது மாடியில் இரண்டு வாரமாகச் சன்னல் திறக்கவில்லை. வெளியே புகைமூட்டம். கடலுக்கு அந்தப் பக்கம் எவனோ காட்டைக் கொளுத்த, இந்தப் பக்கம் பினாங்குக்காரர்கள் இருமினார்கள். எதிர் பிளாட்டில் காயும் துணிகூடத் தெரியவில்லை. வீட்டுக்குள் வெக்கை, மீன் வாசம், அதோடு மேசைக்கடியில் அந்தப் பெட்டி விடும் சூட்டு மூச்சு.

மகள் நளாயினிக்கு இருபத்தாறு வயது. வீட்டு உள்ளலங்காரம் படித்துவிட்டு, இரண்டு வருஷம் பேரங்காடியில் கைப்பேசி உறை விற்றவள். மூன்று மாதத்துக்கு முன்னால்தான் கோலாலம்பூர் கம்பெனி ஒன்று அவளைச் சோதனைக்கு எடுத்திருந்தது. இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்ததுபோல் வரைந்து, அதற்குள் ஓர் ஆள் நடந்துபோனால் எப்படித் தெரியும் என்று படம் பண்ணிக் கொடுக்கும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம்; கம்ப்யூட்டர் மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும். இடம் ஒன்று, ஆள் இரண்டு. நளாயினியும் ஈப்போவில் ஒரு பையனும். கடைசிப் படத்தை வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். யார் படம் தேறுகிறதோ அவருக்கு வேலை நிரந்தரம்.

நளாயினி வரைய வேண்டியதையெல்லாம் வரைந்து முடித்துவிட்டாள். மிச்சம் கம்ப்யூட்டரின் வேலை. மூன்று நிமிடப் படம் என்பது நான்காயிரத்து ஐந்நூறு தனிப் படங்கள். வெளிச்சம், நிழல், திரைச்சீலையின் மடிப்பு எல்லாவற்றையும் கணக்குப் போட்டு அது ஒவ்வொன்றாக வரைந்து சேர்த்து வைக்க வேண்டும். ஒரு படத்துக்கு நாற்பத்தெட்டு விநாடி. ஒழுங்காக ஓடினால் இரண்டரை நாள். இப்படி அரை மணிக்கு ஒரு தடவை விழுந்து எழுந்தால் அடுத்த புதனுக்கும் முடியாது. வெளியே கொடுத்து ஓட்டலாமென்றால், படங்கள் வேறு எங்கும் போகக்கூடாது என்று கம்பெனி முதலிலேயே கையெழுத்து வாங்கியிருந்தது.

மகள் சாப்பிட உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து, அப்படியே வைத்தாள்.

"பட்டர்வொர்த்ல என் கூட்டாளி நேசமலர்கிட்ட லேப்டாப் இருக்கு. போய்க் கேட்டுட்டு வந்துர்றேன்."

"அது தாங்குமா?"

"தாங்காது. வேற என்னா செய்யச் சொல்ற? மெமரி மாத்திப் பாத்தாச்சு. தூசி தட்டியாச்சு. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுப் பாத்தாச்சு. நெட்ல கேட்டா ஆளுக்கு ஒன்னு சொல்றான். ஒருத்தன் வீட்டு வயர மாத்துங்கிறான்."

"வோல்டேஜ் எவ்ளோ காட்டுது?"

நளாயினி நிமிர்ந்து பார்த்தாள். அம்மா வாயிலிருந்து அந்தக் கேள்வி வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும். குணவதி பாயான் லெப்பாஸில் ஒரு சிப்புத் தொழிற்சாலையில் இருபத்துநான்கு வருஷம் டெஸ்ட் ஆப்பரேட்டராக இருந்தவள். அந்த லைனை மொத்தமாக வேறு நாட்டுக்குக் கொண்டுபோனபோது, ஒரு கேக்கும் ஒரு கடிதமும் கொடுத்து அவளையும் அனுப்பிவைத்தார்கள். ஆனாலும் வீட்டில் யாரும் அவளைக் கம்ப்யூட்டர் தெரிந்தவளாக நினைத்ததில்லை, அவளும் நினைத்ததில்லை. அவளுக்குத் தெரிந்தது அதன் வயிற்றுக்குள் இருக்கும் அந்த ஒரு சதுரம் மட்டும்.

நளாயினி அளவு காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்தாள். குணவதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். சும்மா இருக்கும்போது ஒன்று புள்ளி நாலெட்டு. ஒரு நொடி ஒன்று புள்ளி ஐந்து இரண்டு. வேலை கொடுத்ததும் சரசரவென்று ஒன்று புள்ளி இரண்டுக்குக் கீழே இறங்கியது, திரும்பத் தாவியது, திரும்ப இறங்கியது.

"இது என்னா, சாமி வந்த மாதிரி ஆடுது?"

"அந்தப் புரோக்ராம் தப்பாக் காட்டுதுன்னு சொல்றாங்கம்மா."

"எல்லா ஆப்பரேட்டரும் அப்படித்தா சொல்லுவா, மிஷின் தப்பாக் காட்டுதுன்னு. நீ போய்ட்டு வா. நா ஒரு ரீடெஸ்ட் பண்றேன்."

"ம்மா, எதையாச்சும் ஒடச்சிறாத."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடிலேருந்து தொடறேன்டி. போ."

லைனில் முதல் பாடம் அதுதான். சிப்பு தேறவில்லையா, உடனே தூக்கிப் போடாதே. கழற்றி, காலைத் துடைத்து, மறுபடி உட்காரவைத்து இன்னொரு தடவை கேள். நேரம் கொடுத்தால் பாதி தேறிவிடும். மகள் லிஃப்டில் இறங்கியதும் குணவதி பெட்டியைப் படுக்கவைத்துத் திறந்தாள். விசிறியை நீக்கி, சிப்பின் மேலிருந்த சாம்பல் பசையைப் பழைய பனியனால் துடைத்தாள்.

துடைத்த கை அப்படியே நின்றது. சிப்பின் முகத்தில் ஓர் எழுத்து இல்லை. பேர் இல்லை, எண் இல்லை, எந்த ஊரில் செய்தது என்று இல்லை. மொழுமொழுவென்று வெறும் தகடு.

கடைசிச் சோதனையில் தேறிய சிப்புக்குத்தான் லேசரில் பேர் எழுதுவார்கள். வேலை செய்யத் தனக்கு எவ்வளவு வோல்டேஜ் வேண்டும் என்று ஒரு சிப்பு தானே கேட்டு வாங்கும். அந்த அளவையும் கடைசியில்தான் அதன் உள்ளே பதிப்பார்கள். அந்த வாசலைத் தாண்டாதது அரைகுறையாகக் கேட்கும், குடிகாரன் மாதிரி ஒரு நேரம் அதிகமாகவும் ஒரு நேரம் கம்மியாகவும். சோதனை மிஷின் சிப்புகளை எட்டுப் பெட்டிகளில் பிரித்துத் தள்ளும். ஒன்று உசத்தி, எட்டு குப்பை. லைன் பெண்களுக்கு அது பேச்சாகவே ஆகிவிட்டிருந்தது. மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால், "மூணாம் பெட்டி, ஓட்டலாம்" என்பார்கள். தன் கணவன் தனபாலனைக் குணவதி கல்யாணமான புதிதில் இரண்டாம் பெட்டியில் வைத்திருந்தாள். இடையில் எத்தனை பெட்டி இறக்கினாள் என்பது அவருக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது.

எட்டாம் பெட்டிச் சிப்புகள் தட்டுத் தட்டாக அடுக்கி மூட்டையாகி, லாரி ஏறி, பிறை என்ற ஊரில் ஓர் ஆலைக்கு நொறுக்கப் போகும். அந்த லாரியை ஓட்டுபவர் தனபாலன்.

அவர் நாலரை மணிக்கு வந்தார். இடுப்பில் பட்டை கட்டியிருந்தார். முகக்கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மேசைமேல் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்ததும், குளிக்கப் போகிறேன் என்று திரும்பினார்.

"குளியல் இருக்கட்டும். இந்தச் சிப்பு எங்கேருந்து வந்துச்சு?"

"கம்ப்யூட்டர் சேத்துக் குடுத்தான்ல சிராஜ், அவன் கடையிலதா. வேற எங்க, மரத்துலயா காய்க்குது?"

"மேல எழுத்தக் காணோம்."

"அழிஞ்சிருக்கும். வெயிலு."

"பெட்டிக்குள்ள வெயிலு எப்படிங்க வரும்?"

"ஒனக்குப் போலீஸ் வேல குடுத்திருக்கணும். தப்பா ஃபெக்டரிக்கு எடுத்துட்டானுங்க."

"சிரிக்காதிங்க. தட்டுலேருந்து எடுத்திங்களா?"

தனபாலன் உட்கார்ந்தார். இடுப்புப் பட்டையின் ஒட்டைப் பிரித்தார், மறுபடி ஒட்டினார். அந்தக் கிரீச்சென்ற சத்தம் நான்கைந்து தடவை கேட்டது.

"ஒன்னுதா குணா. ஒன்னே ஒன்னு."

"ஐயோ."

"கத்தாத. செவுத்துக்கு அந்தாண்ட ஆளு இருக்கு. பிள்ள ஒரு பேர எழுதி ஃபிரிட்ஜுல ஒட்டி வச்சிருந்தாளே, இந்தச் சிப்பு இருந்தா எனக்குப் போதும்ப்பான்னு? ஆறு மாசம் ஒட்டியிருந்துச்சு. தண்ணி எடுக்கத் தெறக்கிறப்பல்லாம் பாப்பேன். அன்னிக்கு மூட்டை கிழிஞ்சு தட்டு வெளிய வந்து கெடக்கு. தட்டுமேல அதே பேரு. எழுத்துக்கு எழுத்து அதே பேரு. எனக்கு வேற எதுவும் படிக்கத் தெரியாட்டியும் அது தெரியும். சட்டப் பையில போட்டுக்கிட்டேன். சிராஜ்கிட்ட குடுத்தேன், ஓடுதுண்ணேன்னு சொன்னான். ஓடுச்சே! தீபாவளியிலேருந்து ஓடுச்சா இல்லியா?"

"எட்டாம் பெட்டிங்க அது. அத எவளோ ஒருத்தி வேணாம்னுதான தள்ளுனா."

"ஓடுனத எதுக்கு வேணாம்னு தள்ளுனாளாம்?"

"இப்படி ஒரு நாள் படுத்துக்கும்னுதா."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குணவதிக்கு ஆத்திரம் வந்தது. அதற்கு மேலே அழுகை வந்தது. திருட்டு வெளியே தெரிந்தால் லாரிச் சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதைவிட, இந்த மனுஷன் ஆறு மாதம் ஃபிரிட்ஜுக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார், அது தனக்குத் தெரியவே இல்லை என்பதுதான் அவளைக் குத்தியது.

"நளாகிட்ட சொல்லாத," என்றார். "நா வாங்கிக் குடுத்தேன்னு கூட்டாளிங்க எல்லாத்துக்கும் சொல்லி வச்சிருக்கா."

நளாயினி இருட்டுவதற்குள் வெறுங்கையோடு வந்தாள். நேசமலரின் லேப்டாப் சினிமா பார்க்கத்தான் ஆகுமாம். குணவதி சிப்பைத் திரும்ப உட்காரவைத்து, பசை தடவி மூடியிருந்தாள். கம்ப்யூட்டர் ஒரு மணி நேரம் ஓடியது. மூவரும் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. பிறகு நீலமாகி மன்னிப்புக் கேட்டது.

செவ்வாய்க்கிழமை காலை கடை திறக்கிற நேரத்துக்குக் குணவதி சிராஜுதீனின் கம்ப்யூட்டர் கடைமுன் நின்றாள். சுரங்கம் மாதிரி இருக்கும் பழைய வணிக வளாகத்தின் இரண்டாம் மாடி. கதவைத் தூக்கியவர் அவளைக் கண்டதும் பாதியில் நிறுத்தினார்.

"அக்காவா? தனா அண்ணே ராத்திரியே ஃபோன் அடிச்சிட்டாரு. திட்டறதுன்னா உள்ள வந்து திட்டுங்க, வெளிய கஸ்டமரு பாப்பான்."

"திட்ட நேரமில்ல தம்பி. இதே மாதிரி வேற சிப்பு இருக்கா?"

"இதே மாதிரியா? அக்கா, இது இருக்கிற இடத்துக்கு நா போனா வாசல்லயே காவலுக்கு நிக்கிற ஜாகா என்னய வெரட்டிடுவான். சின்னது ஒன்னு இருக்கு. போட்டுத் தரேன், காசு கெடக்கட்டும். ஆனா அது வரைஞ்சு முடிக்க ஒம்பது, பத்து நாளாவும்."

"வியாழக்கிழம சாயங்காலம் வேணும்."

சிராஜுதீன், பையில் கட்டி வாங்கிய கோப்பி ஓவின் உறிஞ்சியைக் கடித்துக்கொண்டு யோசித்தார்.

"அப்ப ஒரே வழிதா. அது கேக்கிறத நம்பாதிங்க. நீங்களே ஒரு அளவு வச்சுக் கட்டிப் போடுங்க. இப்ப எறங்குறப்பதான படுக்குது? எறங்க விடாதிங்க. ஒன்னு புள்ளி நாலுக்கு மேல வைங்க. ஓடும்."

"ஓடும். சாவவும் செய்யும். ஃபெக்டரி சூட்டு அடுப்புல நா மூணு வருஷம் நின்னவ தம்பி. வோல்டேஜ ஏத்தி, சூட்ட ஏத்தி, ஒரு வருஷத்து வயச ஒரே நாள்ல ஏத்துவோம். எது தாங்குதுன்னு பாக்க."

"வியாழக்கிழம அஞ்சு மணி வரைக்கும் தாங்குனா போதாதா அக்கா?"

குணவதி மனத்துக்குள் நாளை எண்ணிப் பார்த்தாள். போதும்தான்.

மதியம் பன்னிரண்டுக்கு வோல்டேஜை ஒன்று புள்ளி நான்கு இரண்டில் கட்டினாள். மகள் திரையில் இடம் காட்ட, அம்மா எண்ணைச் சொன்னாள். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை எதிரே வைத்தார்கள். அறுநூறு படம் முடிந்திருந்தது. அறுநூற்று ஒன்றிலிருந்து தொடங்கியது. நாற்பத்தெட்டு விநாடி, நாற்பத்தெட்டு விநாடி. ஒரு மணி ஆயிற்று, மூன்று ஆயிற்று, விளக்கேற்றும் நேரமும் ஆயிற்று. விழவில்லை. எண் ஆடவும் இல்லை.

"ம்மா! எப்படிம்மா?"

"அதுக்கு என்னா வேணும்னு அதுக்கே தெரியல. நாமதா சொல்லணும்."

நளாயினி அவளைக் கட்டிப்பிடித்து, வியர்வையோடு கன்னத்தில் முத்தம் வைத்தாள். தனபாலன் கீழே ஒட்டுக்கடையில் மீ கோரெங் தபாவ் பண்ணி, பொட்டலமாகக் கொண்டுவந்தார். இலேசாக விசில்கூட அடித்தார். தட்டில் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே குணவதி மட்டும் விசிறிக்காற்று எடுத்துவரும் சூட்டைக் காலில் உணர்ந்துகொண்டிருந்தாள். அந்தச் சூட்டை அவள் காலுக்குத் தெரியும்.

புதன்கிழமை காலைவரை மகள் திரையைவிட்டு நகரவில்லை. ஒவ்வொரு படமும் வர வரக் கண்ணால் பார்த்து எண்ணைக் குறித்தாள். ஒன்பது மணிக்கு உட்கார்ந்தபடியே தலை தொங்கியது.

"போய்ப் படு."

"யாராச்சும் பாக்கணும்மா. நின்னுட்டா தெரியணும். படத்துல கோளாறு வந்தாலும் தெரியணும்."

"நா எதுக்கு இருக்கேன்?"

"ஆமால்ல," என்று நளாயினி தூக்கத்திலேயே சிரித்தாள். "இருவத்தி நாலு வருஷம் செக் பண்ண கண்ணு. எனக்கு என்னா கவல."

குணவதி நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் யாரும் வாழாத வீடு ஒன்று துண்டு துண்டாக வந்தது. பெரிய படுக்கையறை, வெள்ளைச் சுவர், கடல் தெரியும் சன்னல். இந்த வீட்டில் புகைமூட்டம் இல்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது. தன் மகள் வரைந்த சன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மனத்தில் தேற்றிக்கொண்டு வந்தாள்.

பதினொன்று அடித்து மூன்று நிமிடத்தில், இரண்டாயிரத்து முந்நூற்று இருபத்தாறாம் படத்தில், கட்டில் தலைமாட்டுச் சுவரில் ஒரு கறுப்பு முக்கோணம் இருந்தது. உள்ளங்கை அளவு. அடுத்ததில் இல்லை. அதற்கடுத்ததில் இருந்தது. பிறகு இன்னும் இரண்டில். அப்புறம் சுவர் பழையபடி வெள்ளையாகிவிட்டது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். துடைக்கும்போதே தெரியும், கண்ணாடியில் ஒன்றும் இல்லை. சிப்பு விழவில்லை; விழாமலே தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறது.

லைனில் இதற்கு ஒரு பேர் உண்டு. கெட்டது என்று தெரியாமல் தேறி, வாங்குபவன் கைவரைக்கும் போய்விட்ட சிப்பைப் பெண்கள் 'ஓடிப்போனது' என்பார்கள். வீட்டில் பெண் ஓடிப்போனதுபோல அதைத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். ஒன்று ஓடிப்போனது தெரிந்தால் போச்சு. அந்த ஒன்றோடு விடமாட்டார்கள். அதோடு சேர்ந்து ஓடிய ஐயாயிரத்தையும் நிறுத்தி, சிவப்பு அட்டை மாட்டி, முதலாவதிலிருந்து மறுபடி சோதிக்க வேண்டும். ஒன்பதாவது வருஷத்தில் குணவதி கையிலிருந்து ஒன்று ஓடிப்போயிருக்கிறது. அந்த ஐயாயிரத்தையும் அவள் ஒருத்தியே நின்று திரும்ப ஓட்டினாள். அவள் பேரைப் பலகையில் எழுதி வைத்திருந்தார்கள்.

ஆகவே அவளுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். இப்போது மகளை எழுப்பி இதைச் சொன்னால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். நான்காயிரத்து ஐந்நூறையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். அதற்கு வியாழக்கிழமை போதாது. சிப்பும் இருக்காது.

அறைக்கதவு திறந்தே இருந்தது. நளாயினி பாயில் குப்புறப் படுத்து, வாய் திறந்து தூங்கினாள். வாசலில் குணவதி வெகுநேரம் நின்றாள். ஒரு விநாடிக்கு இருபத்தைந்து படம் ஓடுகிறது. நாலு படம் கண் சிமிட்டுகிற நேரம். எவன் பார்க்கப்போகிறான் என்று சொல்லிக்கொண்டாள். வேலை பார்த்த காலத்தில் ஒரு தடவைகூட அவள் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை நான்கு மணிக்குக் கடைசிப் படம் வந்தது. நளாயினி எல்லாவற்றையும் கோத்து அனுப்ப உட்கார்ந்தாள். எவ்வளவு போயிற்று என்று காட்டும் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது, நாலு முப்பத்தைந்து, நாலு நாற்பது. விரல் நகத்தைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"முழுசா ஓட்டிப் பாக்க நேரமில்லம்மா. நீ பாத்த வரைக்கும் எல்லாம் சரியாத்தான இருந்துச்சு?"

"ம்."

"ஒன்னும் இல்லயே?"

"ஒன்னும் இல்ல. அனுப்பு."

நாலு ஐம்பத்திரண்டுக்குப் போய்ச் சேர்ந்தது. தனபாலன் அன்று கோழி வாங்கி வந்திருந்தார். கறியில் உப்பு அதிகம் என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் பதினொன்றரைக்குக் கம்பெனியிலிருந்து மிஸ் சியோங் கூப்பிட்டாள். தனபாலன் அன்று லோடு இல்லாமல் வீட்டில் இருந்தார். ஃபோன் மேசைமேல்தான் இருந்தது. மிஸ் சியோங்கின் குரல் எல்லோருக்கும் கேட்டது. அவள் கத்தவில்லை, அதுதான் மோசம். வாங்க வருபவர்களுக்குக் காட்டும் மாதிரி வீட்டில் பெரிய திரையில், வீடு கட்டும் கம்பெனி முதலாளிகள் முன்னால் போட்டிருக்கிறார்கள். படுக்கையறைச் சுவரில் கறுப்பாக ஏதோ வெட்டி வெட்டிப் போனதும் முதலாளி ஒருவர் சிரித்து, இந்த வீட்டில் பேய் உண்டா என்று கேட்டிருக்கிறார். வரைந்த கை நல்ல கை, நளா. ஆனால் அனுப்புவதற்கு முன் தன் வேலையைத் தானே பார்க்காத ஆளை நான் எப்படி வைத்துக்கொள்வேன்? ஈப்போப் பையனுக்குக் கடிதம் கொடுத்துவிட்டோம். வருத்தம்.

நளாயினி நன்றி சொல்லி ஃபோனை வைத்தாள். மேசையில் உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். மௌஸ் சொடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

தனபாலனால் பொறுக்க முடியவில்லை. "எல்லாம் என்னாலதாம்மா," என்று ஆரம்பித்து, கிழிந்த மூட்டை, தட்டு, சட்டைப்பை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சொல்லும்போதே இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நளாயினி திரும்பி அவரைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"எனக்காகப் போயி எடுத்திங்களாப்பா? மாட்டியிருந்தா?" என்றாள். "விடுங்க. இந்தச் சிப்பு இல்லேன்னா மூணு மாசம் இந்த வேலையே பாத்திருக்க முடியாது. நாதான் கடைசியில பாக்காம அனுப்பிட்டேன்."

அவள் மறுபடி திரைப்பக்கம் திரும்பினாள். சொடுக்கும் சத்தம் நின்றது.

"நாலே நாலு," என்றாள். பிறகு அந்தப் படத்தின்மேல் அம்பை வைத்து, எப்போது வரைந்தது என்று பார்த்தாள். "புதன்கிழம பதினொன்னு மூணு." நாற்காலியோடு திரும்பினாள். "ம்மா, அப்ப நீ ஒக்காந்திருந்த."

"ஆமா."

"பாக்கலியா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். கண் மங்கிவிட்டது, வயசாகிவிட்டது, எதையும் சொல்லலாம். மகள் நம்புவாள்.

"பாத்தேன்," என்றாள் குணவதி.

"பாத்தியா?"

"பாத்தேன் நளா. நாலையும் பாத்தேன். ஒன்ன எழுப்ப வாசல் வரைக்கும் வந்தேன். ஒன்னு கெட்டா எல்லாத்தையும் நிறுத்தி மொதல்லேருந்து ஓட்டணும். நேரம் எங்க இருக்கு? அத்தனையும் திருப்பி ஓட்ட..."

"எல்லாத்தையுமா? யாரு சொன்னா?"

"எங்க லைன்ல..."

"அது சிப்பும்மா!" நளாயினியின் குரல் உடைந்தது. "இது படம். கெட்டுப்போன நாலத் தூக்கிட்டு அந்த நால மட்டும் மறுபடி வரையச் சொன்னா வரைஞ்சுரும். வேற எதையும் தொடவே வேணாம். மூணு நிமிஷம்மா. எழுப்பியிருந்தா மூணு நிமிஷ வேல."

குணவதிக்கு அது உடனே உள்ளே போகவில்லை. "மூணு நிமிஷமா?" என்று கேட்டாள். தனபாலனைப் பார்த்தாள், அவரும் இவளைப் பார்த்தார்.

"அப்ப இப்பப் பண்ணு. பண்ணி அனுப்பும்மா. அந்தப் பொம்பளைக்கு அனுப்பு, பாக்கட்டும்."

"கடுதாசி குடுத்துட்டாங்கம்மா."

"நீ பண்ணு."

நளாயினி எதிர்த்துப் பேசவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த நான்கு எண்களையும் அடித்து, வரையச் சொன்னாள். பெட்டி சூட்டு மூச்சு விட்டது. கட்டிலின் தலைமாடு வந்தது, வெள்ளைச் சுவர் வந்தது, சன்னல் வந்தது, கடல் வந்தது. குணவதி மகளின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழ்வரை கண் கொட்டாமல் பார்த்தாள். ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. நான்கும் தேறின. மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி ஆயிற்று.